"ஒரே ஒரு தையல்தான்க்கா": சில்லறை வேலையில் எதை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது?

ஊசிநூல் கேட்டது:

வீட்டில் ஜாக்கெட் தைப்பவர்களிடம் ஒரு கேள்வி. மோட்டார் போட்ட மெஷின் ஒன்று, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று. காலை 10 முதல் 1, மதியம் 2 முதல் 5 என்று நாளுக்கு 6 மணி நேரம், வாரத்தில் 6 நாள். லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு வெட்டுவதிலிருந்து ஹூக் வைத்து அயர்ன் போடுவது வரை 3 மணி நேரம். அந்தக் கணக்குப்படி வாரம் 12 ஜாக்கெட் முடிய வேண்டும். முடிவது 8தான். கூலி 450 ரூபாய்.

மீதி நேரத்தைத் தின்பது முழுக்கச் சில்லறை வேலை. பேண்ட் கீழ்மடிப்பு, நைட்டிக்குப் பாக்கெட், தலையணை உறை, யூனிஃபார்ம் பாவாடைக்கு இடுப்பு பிடிப்பது, ஜிப், ஸ்கூல் பை வார், வேறு டெய்லர் தைத்த ஜாக்கெட்டை லூஸ் ஆக்குவது. வாரத்துக்கு 20, 22 வருகின்றன. பாதிப் பேரிடம் காசு கேட்கவே வாய் வராது. 20 ரூபாய், 30 ரூபாய் என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வதோடு சரி.

மூன்று சந்தேகம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்? குறைந்தபட்சம் எவ்வளவு கேட்பது நியாயம்? அக்கம்பக்கத்தாரிடமும் சொந்தக்காரர்களிடமும் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?

---

பாபின்கேஸ் பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன். அதைப் போட்டுப் பார்த்தாலே முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

பத்து நிமிட வேலை என்று தையலில் எதுவும் கிடையாது. பேண்ட் கீழ்மடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பேச்சு 3 நிமிடம். போட்டு நிற்கச் சொல்லி நீளம் குறிப்பது 4. நிறத்துக்கு நூல் தேடி, பாபின் சுற்றி, மெஷினில் கோப்பது 5. பழைய தையல் பிரிப்பது 5. வெட்டி ஓவர்லாக் அடிப்பது 3. மடித்து அயர்ன் வைத்துத் தைப்பது 6. நூல் வெட்டி, தேய்த்து மடிப்பது 3. பாதியில் நிற்கும் ஜாக்கெட்டுக்குத் திரும்ப நூல் கோத்து, எந்த இடத்தில் விட்டோம் என்று பார்ப்பது 3. வாங்க வரும்போது பேச்சும் சில்லறையும் 3. கூட்டினால் 35 நிமிடம். கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது அந்த 6 மட்டும்தான். அதனால்தான் "ஒரு தையல்தானே" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மீதி 29 அவர் பார்வையிலேயே படவில்லை.

22 வேலை × 35 நிமிடம் = 770 நிமிடம். கிட்டத்தட்ட 13 மணி நேரம். காணாமல் போன உங்கள் 4 ஜாக்கெட் அங்கேதான் இருக்கிறது.

கூலிக்கு வருவோம். 450இல் நூல், ஹூக், கேன்வாஸ் என்று 30 கழித்தால் 420. 3 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 140. 35 நிமிடத்துக்கு 82 வருகிறது. ஆக 80 ரூபாய்க்குக் கீழே எந்த ஆல்டரை, அதாவது திருத்தும் வேலையை, தொட்டாலும் ஜாக்கெட்டில் சம்பாதித்ததை எடுத்து அதில் போடுகிறீர்கள். உங்கள் ஊரில் 80 கொடுக்க மாட்டார்கள் என்றால், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம், கூலியைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

என் 35ஐ அப்படியே நம்ப வேண்டாம். ஒரு வாரம் மட்டும் மெஷின் பக்கத்தில் நோட்டு வையுங்கள். நாலு பத்தி போதும்: என்ன வேலை, கையில் வாங்கிய நேரம், ஜாக்கெட்டுக்குத் திரும்பிய நேரம், வாங்கிய காசு. "தைத்த நேரம்" என்று எழுதாதீர்கள். "ஜாக்கெட்டுக்குத் திரும்பிய நேரம்" என்று எழுதினால்தான் உண்மை தெரியும்.

நோட்டில் வராத செலவு ஒன்றும் உண்டு. ஒரே மெஷினில் பட்டு ஜாக்கெட் நடுவே ஜீன்ஸை ஏற்றுவது. பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஊசி, நூல், டென்ஷன், தையல் நீளம் நாலையும் மாற்ற வேண்டும். அவசரத்தில் 14ஆம் நம்பர் ஊசியிலேயே ஓட்டினால், பக்கத் தையல் சேரும் தடித்த முண்டில் ஏறும்போது ஊசி வளைந்து, கீழே நூலைப் பிடிக்கும் ஷட்டிலின் முனையில் அடிக்கும், அல்லது ஒடியும். அடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு விழும். ஜீன்ஸில் ஒன்றும் தெரியாது. அடுத்து பட்டு நூல் போட்டால் பத்து அங்குலத்துக்கு ஒரு முறை அறுந்துகொண்டே இருக்கும், நாம் நூலைத் திட்டிக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தால் ஷட்டிலைக் கழற்றி முனையில் பழைய நைலான் துணியைத் தேய்த்துப் பாருங்கள், இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது. மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் விட்டால் சரியாகும். ஆழமாக விழுந்திருந்தால் ஷட்டிலையே மாற்ற வேண்டியதுதான். 40 ரூபாய் ஆல்டருக்கு வந்த வினை இது.

---

சேலைத்தலைப்பு பதில்:

முதல் கேள்விக்கு நான். வேலை சின்னதா பெரியதா என்று பார்க்காதீர்கள். "தையலைப் பிரிக்காமல் இதன் நேரத்தைச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் எடுக்கலாம். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால் அது சின்ன வேலையே இல்லை.

உங்கள் கையால் தைத்த ஜாக்கெட் திரும்பி வந்தால் மறுபேச்சு இல்லாமல் எடுங்கள், அன்றைக்கே. அது புது வேலை இல்லை, பழைய வேலையின் பாக்கி. ஆனால் கெடு வையுங்கள்: கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள், ஒரு தடவை இலவசம். ஆறு மாதம் கழித்து உடம்பு போட்டுவிட்டு வந்தால் அது ஆல்டர், அதற்குக் கூலி உண்டு. வாங்கிய அன்றே வீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

வேறு டெய்லர் ஜாக்கெட்டை லூஸ் ஆக்குவதுதான் பெரிய பொறி. வாங்கும் முன் உள்பக்கத்தைப் புரட்டிப் பக்கத் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று டேப் வைத்துப் பாருங்கள். தையலை அரை அங்குலம் வெளியே தள்ளினால் முன்பக்கம் அரை, பின்பக்கம் அரை, இரண்டு புறமும் சேர்த்துச் சுற்றளவில் 2 அங்குலம் கிடைக்கும். அதே தையல் கையிலும் தொடர்வதால் கைச் சுற்றில் 1 அங்குலம். உள்ளே முக்கால் அங்குலத்துக்குக் குறைவாகத் துணி இருந்தால் 2 அங்குலம் கேட்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். ஓரம் நழுவி முதல் துவைப்பிலேயே பிரியும், பெயர் உங்களுக்குத்தான் கெடும்.

துணி இருந்தாலும் மூன்று இடத்தில் மாட்டுவீர்கள். கை ஓர ஹெம்மிங்கைப் பிரித்துத் திரும்பக் கையால் போட வேண்டும், நேரத்தின் பெரும்பகுதி அங்கேதான் போகும். பட்டில் பழைய தையலின் ஓட்டை வரிசையும், வெயில் படாத உள்துணியின் அடர்நிறமும் வெளியே தெரியும். இதை முன்பே சொல்லாவிட்டால் "நீங்கதான் கெடுத்தீங்க" என்பார்கள். கையில் ஜரிகை பார்டர் இருந்தால் இணைப்பு ஒரு நூல் தள்ளினாலும் பளிச்சென்று தெரியும். நாள்பட்ட பட்டுத்துணியை இழுத்துப் பாருங்கள், "சர்" என்று மெல்லிய சத்தம் வந்தால் துணி மட்கியிருக்கிறது, தொடாதீர்கள்.

ஜிப்பில் இரண்டு விதம். பல் எல்லாம் நன்றாக இருந்து, ஏற்றினால் பின்னால் பிளந்துகொண்டே வந்தால் ரன்னர்தான் அகன்றிருக்கிறது. சின்னக் குறட்டால் இரண்டு பக்கமும் லேசாக அழுத்தினால் பல சமயம் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றலாம். பை ரிப்பேர் செய்பவர்களிடம் சைஸ்வாரியாக இருக்கும், அங்கே அனுப்புங்கள். பல் போயிருந்தால் இடுப்புப் பட்டியின் ஒரு பக்கத்தைப் பிரித்து முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் குறையாது.

ஃபால்ஸ் (சேலையின் கீழ் ஓரத்தில் உள்ளே வைக்கும் பட்டை), பிகோ (சேலை ஓரம் அடிப்பது): ஜாக்கெட்டோடு சேர்ந்து வந்தால் மட்டும் வாங்குங்கள், நீங்கள் செய்யாதீர்கள். கையால் ஃபால்ஸ் வைக்கவே ஒரு மணி நேரம் போகும். ஊரில் சேலைக்கு இவ்வளவு என்று வாங்கி வைத்துக் கொடுப்பவர்கள் இருப்பார்கள், வாரம் இரண்டு தடவை மொத்தமாகக் கொடுத்து வாங்குங்கள். காட்டன் ஃபால்ஸை மட்டும் நீங்களே நனைத்துக் காயவைத்துத் தேய்த்துக் கொடுங்கள். நனைக்காமல் வைத்தால் முதல் துவைப்பில் ஃபால்ஸ் சுருங்கி, கொசுவம் விழும் இடத்தில் சேலை ஓரம் சுருக்கு விழுந்து நிற்கும். பிறகு பிரித்துத் திரும்ப வைக்கும் வேலையும் உங்கள் தலையில்தான் வரும்.

ஸ்கூல் பை வார், குடை, ரெக்சின், ஜமுக்காளம் எல்லாம் செருப்பு தைக்கிற இடத்துக்கு. யோசிக்கவே வேண்டாம்.

---

பட்டன்காஜா பதில்:

மேலே இருவரும் சொன்னது சரிதான், ஆனால் ஆல்டர் என்றாலே நஷ்டம் என்று ஆகிவிட்டது. அப்படி இல்லைம்மா. பெரிய துணிக்கடைகளின் வாசலிலும் மாடியிலும் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு பேண்ட் மடிப்பு மட்டுமே அடிக்கிறவர்கள் அதிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். பாபின்கேஸ் போட்ட கணக்கில் தையல் 6 நிமிடம், பிரிப்பதும் வெட்டுவதும் 8. மீதி எல்லாம் மாற்றுவதும் பேசுவதும். அங்கே மெஷின் போட்டவருக்கு அந்த மீதி கிடையாது. கறுப்பு நூல் காலையில் கோத்தால் மதியம் வரை கறுப்புதான்.

அதை வீட்டிலும் செய்யலாம். வாரத்தில் ஒரு மதியத்தை ஆல்டருக்கு ஒதுக்குங்கள். புதன் 2 முதல் 5 என்று வையுங்கள். துணி வாங்குவது செவ்வாய் மாலையோடு முடிந்தது. எண்ணிக்கை 8, அதற்கு மேல் வந்தால் அடுத்த புதன். 8ஐத் தாண்டாதீர்கள். 3 மணி நேரத்தில் 10, 11 முடிக்கலாம் என்று தோன்றும், ஆனால் எட்டில் ஒன்றாவது பிரித்த பிறகு பல்லைக் காட்டும், அதற்கு இடம் வேண்டும்.

உட்காரும் முன்பே எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட வேண்டும். பிரிப்பதை மெஷினில் உட்கார்ந்து செய்யக்கூடாது, சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். பிறகு நிறவாரியாக அடுக்குங்கள். கறுப்பு, வெள்ளை, நேவி புளூ, காக்கி, மெரூன், சாம்பல் என்று ஆறு பாபின் சுற்றித் தயாராக இருந்தால் பெரும்பாலான ஆல்டருக்குத் தனி நூல் தேட வேண்டாம். சாம்பல் நிற நூல் இரண்டும்கெட்டான் நிறங்களில் உள்தையலுக்கு நன்றாக அடங்கும். மெல்லிய துணி முதலில், தடித்தது கடைசியில். ஜீன்ஸ் எடுப்பதென்றால் அன்றைய கடைசி வேலை அதுதான். முண்டு வரும் இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஃபுட்டுக்குப் பின்னால் மடித்த துணியைக் கொடுத்து மட்டம் செய்து, அந்த நாலு தையலை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போடுங்கள். முடிந்ததும் ஊசியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது 11 போட்டு எழுந்திருங்கள். மறுநாள் காலை நேராகப் பட்டில் உட்காரலாம்.

இப்படிச் சேர்த்துச் செய்தால் 35 என்பது 18, 20க்கு வந்துவிடும். 60 ரூபாய் வாங்கினாலே மணிக்கு 180. உங்கள் ஜாக்கெட்டை விட மேல். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கை ஓயும்போது இரண்டு மதியமாக்குங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தக் காலத்தில் ஒன்றே போதும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஆல்டர் வாங்குவதை நிறுத்திப் பலகை மாட்டிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் வாரம் யூனிஃபார்ம் ஆல்டர் கொட்டும், அதற்கு மட்டும் தனியாக இரண்டு நாள் ஒதுக்கலாம். ஒரே நிறம், ஒரே துணி, நூல் மாற்றமே இருக்காது.

---

திண்ணை பதில்:

மூன்றாவது கேள்வி. வாயில் வரும் இரண்டு சொல்லை முதலில் நிறுத்துங்கள் அக்கா. ஒன்று "பார்க்கிறேன்". நாம் அதை முடியாது என்பதற்கு மரியாதையாகச் சொல்கிறோம், கேட்பவருக்கு அது "சரி" என்றுதான் விழும். நாலாம் நாள் "பார்த்துட்டீங்களா?" என்று வந்து நிற்பார். இரண்டாவது "வெச்சிட்டுப் போங்க". பை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வேலையை ஒப்புக்கொண்டதாகிவிடும், நூறு சமாதானம் சொன்னாலும். எடுக்காத வேலையின் பையைக் கையில் வாங்கவே கூடாது.

எதிரில் இருப்பவரிடமும் ஆபத்தான வாக்கியம் ஒன்று உண்டு. "அவசரம் இல்ல, மெதுவா குடுங்க." கேட்க இனிமையாக இருக்கும். தேதி இல்லாத வேலை மற்ற எல்லா வேலைக்கும் பின்னால் போகும், பீரோவில் தூங்கும், பிறகு ஒரு நாள் காலை 9 மணிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பும் வேளையில் போன் வரும். "மெதுவா"வுக்கும் தேதி போடுங்கள்: "புதன்கிழமை ஆல்டர், வியாழன் காலைல வாங்கிக்கோங்க."

மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள். "இன்னிக்கு நிறைய வேலை" என்றால் "அப்ப நாளைக்கு?" என்பார். "உடம்பு சரியில்ல" என்றால் அடுத்த வாரம் வருவார். காரணம் சொன்னால் அதை எப்படித் தாண்டுவது என்று அவர் யோசிப்பார். வழக்கத்தைச் சொல்லுங்கள், போகிற இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"ஜீன்ஸ் நான் எடுக்கறதில்லீங்க. துணிக்கடை வாசல்ல ஆல்டர் போடறவர் இருக்கார், நிக்க வெச்சே முடிச்சுக் குடுத்துடுவார்."

"ஆல்டர் எல்லாம் புதன்கிழமைதான். செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள கொண்டு வாங்க, 60 ரூபாய் ஆகும்."

பக்கத்து வீட்டுக்காரர், கொழுந்தனார் மனைவி, மாமியார் வழிச் சித்தி என்றால் காசை விட முடியும், கிழமையை விடக்கூடாது. "சித்தி, உங்களுக்குக் காசெல்லாம் வேண்டாம், புதன்கிழமை வரிசையில போட்டுடறேன்." இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காசையும் விட்டுக் கிழமையையும் விட்டால்தான் நாள் போகிறது. அந்த எட்டில் இலவசம் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கதவில் ஒரு அட்டை மாட்டுங்கள். "ஆல்டர்: புதன் மட்டும். ரூ. 60 முதல்." எதிரே எழுதியிருப்பதைக் காட்டிச் சொல்லும்போது நாம் மறுத்ததாக இருக்காது, கடையின் வழக்கம் என்று ஆகிவிடும்.

---

ஊசிநூல்:

புதன்கிழமை யோசனையை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். இன்னும் இரண்டு: பீரோவில் ஏற்கெனவே 11 பை கிடக்கிறது, சிலது யாருடையது என்றே தெரியவில்லை. அதை என்ன செய்வது? இன்னொன்று வாட்ஸ்அப். "இந்த மாடல் வருமா?", "எவ்ளோ துணி எடுக்கணும்?", "ரேட் என்ன?" என்று நாள் முழுக்க. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்தான், ஆனால் கையில் துணியோடு நிறுத்தி நிறுத்தி எழ வேண்டியிருக்கிறது.

---

சேலைத்தலைப்பு:

11ஐயும் கட்டிலில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். தையல் பிரிக்காதவை, தையல் பிரித்தவை, யாருடையது என்று தெரியாதவை. பிரிக்காததில் ஜீன்ஸ், பழைய பட்டு, பை வார் இருந்தால் இன்றே போன் செய்து "என்னால முடியலீங்க, வாங்கிக்கோங்க" என்று திருப்பிக் கொடுங்கள். ஒரு நாள் சங்கடம்தான். இன்னும் இரண்டு மாதம் வைத்திருந்து கொடுத்தால்தான் பகை. பிரித்துவிட்டதைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, அதை முடித்தே ஆக வேண்டும். முதல் இரண்டு புதன் அதற்கே போகும், அதுவரை புதிதாக வாங்காதீர்கள். ஆள் தெரியாததைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள், சொந்தக்காரர் தானே வருவார்.

இனிமேல் சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பில்புக் மாதிரி இரட்டைச் சீட்டு, ஒரே நம்பர் இரண்டிலும். ஒன்று அவர் கையில், ஒன்று ஊக்கு குத்தித் துணியில். பையில் குத்தினால் போதாது, பையும் துணியும் பிரிந்துவிடும். பட்டில் குத்தும்போது தையல் விளிம்பின் உள்துணியில் குத்துங்கள், வெளியே குத்தினால் ஓட்டை நிற்கும். சீட்டில் என்ன வேலை, எத்தனை அங்குலம், என்ன கூலி, எந்த வியாழன். கறையோ கிழிசலோ ஏற்கெனவே இருந்தால் அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

---

பாபின்கேஸ்:

வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாறுங்கள், காசு கிடையாது. அதில் விரைவுப் பதில் என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி கேட்பதற்குப் பதிலை ஒரு தடவை எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோடு போட்டு அதன் குறிச்சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து விழும். நாலு போதும்.

துணி அளவுக்கு: "ஜாக்கெட்டுக்கு 80 செ.மீ. மார்பளவு 40க்கு மேல், அல்லது முழங்கை வரை கை என்றால் 1 மீட்டர். லைனிங் 1 மீட்டர், காட்டன் மட்டும். லைனிங்கை நனைத்துக் காயவைத்துக் கொண்டு வரவும்." கடைசி வரியை விடாதீர்கள். நனைக்காத லைனிங் பின்னால் சுருங்கினால் மேல்துணி தொங்கும், பிறகு அதுவும் ஓர் ஆல்டராக உங்களிடமே வரும்.

மாடலுக்கு: "படத்தைச் சேமித்துக்கொண்டேன். துணியோடு நேரில் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்." படத்தைப் பார்த்து வரும் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். படத்தில் இருப்பது வலைத்துணியா பட்டா, பின்னால் நாட் வைத்ததா பட்டன் வைத்ததா என்று எதுவும் தெரியாது. நீங்கள் "வரும்" என்றதை வைத்துக்கொண்டு அவர் துணி எடுத்துவிடுவார்.

மூன்றாவது ரேட், நாலாவது ஆல்டர் கிழமை. பதில் போடுவது மதியம் 1.45க்கும் மாலை 5.15க்கும் மட்டும். நடுவில் வருவதற்குத் தானாகப் பதில் போக, அதே செயலியில் 'அவே மெசேஜ்' அமைத்துக்கொள்ளலாம். 10 முதல் 1 வரை போன் அடுத்த அறையில் இருக்கட்டும். உண்மையிலேயே அவசரம் என்றால் கூப்பிடுவார்கள்.

---

பட்டன்காஜா:

ஒன்று விட்டுப்போச்சு. ஹூக் பிய்ந்து வருகிறவரை மட்டும் புதன்கிழமைக்கு அனுப்பாதீர்கள். அது மெஷினைத் தொடாத வேலை. ஒரு டப்பாவில் ஹூக், கறுப்பு, வெள்ளை, மெரூன், பச்சை நூல் கோத்த நாலு கை ஊசி, சின்னக் கத்தரி போட்டு வாசல் பக்கம் வையுங்கள். நூலை நாலு இழையாக எடுத்து, ஹூக்கின் இரண்டு கண்ணிலும் மூன்று மூன்று சுற்று, மூக்குக்கு அடியில் இரண்டு சுற்று. அந்த மூக்குச் சுற்றை விடுவதால்தான் ஹூக் தூக்கிக்கொண்டு பிய்கிறது. மூன்று நிமிடம், 10 ரூபாய். டப்பாவையே அவரிடம் கொடுத்து, "நீங்களே வெச்சுக்கோங்க" என்றாலும் பலர் சந்தோஷமாக உட்கார்ந்து வைத்துக்கொள்வார்கள்.